இரவல் உறைமோர்

பக்கத்து வீட்டில் நாம் இரவல் வாங்குகிற பொருள்களிலெல்லாம் கௌரவமானது எது என்று என்னைக் கேட்டால், உறைமோர் என்றுதான் சொல்வேன். காப்பிப் பொடி வாங்கினால் அளந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். பணம் வாங்கினால் கொடுத்தவர் முகத்தை நேராகப் பார்க்க முடியாது. உறைமோருக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஒரு கரண்டி வாங்கி வந்து நம் வீட்டுப் பாலில் விட்டால் மறுநாள் காலையில் ஒரு பாத்திரம் தயிர் இருக்கும். எதிர்வீட்டு அம்மாள் கிண்ணத்தோடு வந்து நின்றால் அன்றைக்கே நாமும் கொடுக்கலாம். ஆனால் பால் நம்முடையதாக இருக்க வேண்டும். அதைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற வைக்கிற பக்குவமும் நம்முடையதாக இருக்க வேண்டும். கொதிக்கிற பாலில் விட்டால் உறை செத்துப் போகும். குளிர்ந்து போன பாலில் விட்டால் விடிந்த பிறகும் பால் பாலாகவே இருக்கும். அப்புறம் உறைமோர் கொடுத்தவளைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு தேசம் இன்னொரு தேசத்திடமிருந்து தொழிலையும் விஞ்ஞானத்தையும் கற்றுக்கொள்வதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த உறைமோர் ஞாபகம்தான் வருகிறது.

இந்த விஷயத்தில் என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒருவர் வருஷத்துக்கு இரண்டு முறை வெளிநாடு போய் வருகிறவர். அங்கே ரயில் ஓடுகிற அழகையும் தொழிற்சாலை நடக்கிற ஒழுங்கையும் வர்ணித்துவிட்டு, "நம்ம ஆட்களுக்கு இதெல்லாம் வராது சார். ரத்தத்திலேயே கிடையாது" என்று முடிப்பார். இன்னொருவருக்கு வெளிநாட்டுப் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கிவிடும். "நம்மிடம் இல்லாதது என்ன ஐயா அவர்களிடம் இருக்கிறது? நாம் போய் அவன் வாசலில் நிற்பதா?" என்பார். முதல்வர் தம் வீட்டில் பாலே இல்லை என்கிறார். அடுத்தவர் உறையே வேண்டாம் என்கிறார். காரணம் வேறாக இருந்தாலும் இரண்டு வீட்டிலும் தயிர் இல்லை.

நான் கதை எழுதுகிறவன். கல்லூரியில் இரண்டு வருஷம் மட்டுமே இருந்தவன். பொருளாதார நிபுணர்களின் அட்டவணைகளோடு போட்டி போட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அட்டவணைக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பயமும் கௌரவமும் பிடிவாதமும் இருக்கின்றன. கற்பது என்பது ஓர் ஒழுக்கம். அதற்கு ஒருவன் எதையாவது விட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எதை விட்டுக் கொடுப்பது, யார் விட்டுக் கொடுப்பது என்ற கேள்வியைக் கதைக்காரனும் கேட்கலாம் என்று நினைக்கிறேன். இதை எண்ணிப் பார்க்க எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் ஜப்பான்.

1868-ல் ஜப்பானில் பழைய ஆட்சி போய்ப் புதிய ஆட்சி வந்தது. அந்த வருஷமே பேரரசர் பெயரால் ஓர் உறுதிமொழி வெளியிட்டார்கள். உலகமெங்கும் அறிவைத் தேடிப் பெறுவோம் என்பது அதில் ஓர் அம்சம். இந்த மாதிரி வாசகங்களை எல்லா அரசாங்கங்களும் எழுதும். நாமும் எழுதியிருக்கிறோம். ஆனால் அவர்கள் 1871 டிசம்பரில் செய்த காரியத்தைச் சுலபமாக யாரும் செய்துவிட மாட்டார்கள். புதிய அரசாங்கத்தின் மிகப் பெரிய தலைவர்களில் பலரே கப்பலேறிவிட்டார்கள். இவாகுரா தோமோமி தலைமையில் புறப்பட்ட அந்தக் குழு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிக்கூடம், ஆலை, சிறைச்சாலை, துறைமுகம் என்று ஒன்று விடாமல் பார்த்துவிட்டு 1873 செப்டம்பரில்தான் ஊர் திரும்பியது. ஆட்சியைப் பிடித்து நான்கு வருஷம்கூட ஆகாத நிலையில், நாற்காலியை விட்டுவிட்டு இருபது மாதங்களுக்கு மேல் மாணவர்களாக ஊர் சுற்றுவதென்றால் அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அதே கப்பலில் ஐந்து பெண் குழந்தைகளும் படிக்கப் போனார்கள். எல்லோரிலும் சின்னவளான த்சுதா உமேகோவுக்கு அப்போது ஆறே வயது.

இப்படிப் பெரியவர்கள் மாணவர்களானது ஒரு பக்கம். சாதாரணக் குடும்பங்கள் என்ன செய்தன? எனக்கு மிகவும் பிடித்த கதை இங்கேதான் வருகிறது.

1872-ல் தொமியோக்கா என்ற ஊரில் அரசாங்கம் ஒரு பட்டு ஆலையைத் திறந்தது. இயந்திரங்கள் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்தவை. மேற்பார்வைக்கு வந்த பால் புரூனா என்பவரும் பிரெஞ்சுக்காரர். பட்டுக்கூட்டிலிருந்து நூலெடுக்கக் கற்றுக்கொடுக்க அங்கிருந்து பெண்களையும் வரவழைத்திருந்தார்கள். எல்லாம் தயார். ஆனால் வேலை கற்றுக்கொள்ள ஒரு பெண்ணும் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் சிவப்புத் திராட்சை மது குடிப்பதை யாரோ பார்த்திருக்கிறார்கள். அவர்கள் மனித ரத்தம் குடிக்கிறவர்கள், ஆலைக்குப் போகிற பெண்களின் ரத்தத்தை எடுத்துவிடுவார்கள் என்று ஊர் முழுக்க வதந்தி. எந்தத் தாய் அனுப்புவாள்?

ஆலையின் நிர்வாகி ஒதகா அத்சுததா நினைத்திருந்தால் தண்டோரா போட்டிருக்கலாம். அதிகாரிகளை விட்டு மிரட்டியிருக்கலாம். ஏழைப் பெண்களாகப் பார்த்துப் பிடித்து வரச் சொல்லியிருக்கலாம். அவர் தம்முடைய சொந்த மகளைக் கூட்டி வந்து முதல் தொழிலாளியாகச் சேர்த்தார். யூ என்று பெயர். பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். அந்தப் பெண் உயிரோடும் ரத்தத்தோடும் நடமாடுவதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் மெல்ல மெல்ல வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி வாதா ஏய். சாமுராய்க் குடும்பத்துப் பெண். அவள் தொமியோக்காவில் தொழிலைக் கற்று ஊருக்குத் திரும்பி, அங்கே புதிதாக ஏற்பட்ட ஆலையில் மற்றப் பெண்களுக்கு ஆசிரியையானாள். வயதான பிறகு அந்த நாட்களைப் பற்றிய நினைவுகளையும் எழுதி வைத்தாள். பிரெஞ்சு இயந்திரத்தை அப்படியே வாங்கச் சிறிய ஊர்களில் பணம் கிடையாது. சுவா பகுதியில் இரும்புக்குப் பதிலாக மரத்தையும், செப்புப் பாத்திரத்துக்குப் பதிலாக மண் பாத்திரத்தையும் வைத்து மலிவான இயந்திரம் செய்துகொண்டார்கள். அரசாங்கத்தின் பிரம்மாண்டமான ஆலை வெகுகாலம் நஷ்டத்தில் தத்தளித்தது. மர இயந்திரங்களோ ஊர் ஊராகப் பரவின. உறை பிரான்சிலிருந்து வந்தது. பால் சுவாவில் கறந்தது.

பட்டுக்கு அடுத்தது பஞ்சு. அங்கே எனக்கு இன்னொரு மனிதர் அகப்பட்டார். யமானொபே தகேயோ என்பவர், இவரும் சாமுராய் மரபில் வந்தவர். லண்டனில் வர்த்தகப் படிப்பு படித்துக்கொண்டிருந்தார். ஜப்பானில் ஷிபுசாவா எய்ச்சி என்ற பெருந்தொழிலதிபர் ஒரு நூற்பாலை தொடங்க விரும்பினார். இயந்திரத்தை விலைக்கு வாங்கிவிடலாம், அதைப் புரிந்துகொண்ட நம் ஆள் ஒருவன் இல்லாவிட்டால் ஆலை நம்முடையதாகாது என்பது அவர் எண்ணம். யமானொபேக்குச் சொல்லியனுப்பினார். அவர் இருந்த படிப்பை விட்டு இயந்திரப் படிப்புக்கு மாறினார். அதோடும் நிற்கவில்லை. லங்காஷயரில் பிளாக்பர்ன் என்ற ஊருக்குப் போய், ஆலை முதலாளிக்குத் தாமே பணம் கொடுத்து, அங்கே தொழிலாளியோடு தொழிலாளியாக நின்று பஞ்சு பிரிப்பதிலிருந்து நூல் நூற்பது வரை கற்றார். வாளைத் தொட்ட வம்சத்தின் கை, பஞ்சுத் தூசியில் புகுந்தது. 1883-ல் ஒசாக்கா நூற்பாலை ஓட ஆரம்பித்தபோது அதை நடத்தத் தெரிந்த ஜப்பானியர் ஒருவர் அங்கே இருந்தார்.

இங்கே நம் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பம்பாயில் முதல் பஞ்சாலைக்கு அஸ்திவாரம் போட்டது 1854-ல். ஒசாக்காவுக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முந்தி! துணிந்து முதல் போடுகிறவர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. ஜம்ஷெட்ஜி டாட்டா நாகபுரியில் 1877-ல் தொடங்கிய ஆலையில், லங்காஷயரிலேயே பலர் தயங்கிக்கொண்டிருந்த புது மாதிரி நூற்புக் கதிர்களைப் போட்டுப் பார்த்தார். அப்படியிருந்தும் பம்பாய் ஆலைகள் பலவற்றில் இயந்திரத்தோடு இயந்திரம் தெரிந்த ஆளும் லங்காஷயரிலிருந்தே வந்துகொண்டிருந்தான். முதலாளி கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார். தொழிலாளி இயந்திரத்தைப் பார்த்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் கப்பலில் வந்தான்.

"நாம் அடிமை நாடு, அவர்கள் சுதந்திர நாடு. எப்படி ஒப்பிடலாம்?" என்று வாசகர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 1896-ல் நம் ஆலைத் துணிக்கு நம் நாட்டிலேயே மூன்றரை சதவீத வரி போட்டு லங்காஷயரின் வயிற்றை நிரப்பிய அரசாங்கம்தான் நமக்கு வாய்த்திருந்தது. அந்த அநியாயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்நிய ஒப்பந்தங்களின் காரணமாக ஜப்பானுக்கும் 1911 வரையில் சுங்க வரியைத் தன் இஷ்டப்படி போடும் உரிமை கிடையாது என்பது உண்மை. ஆனாலும் ஆளுகிறவன் தன்னவனாக இருந்தான். அது பெரிய வித்தியாசம். ஆகவே 1947 வரைக்கும் உள்ள கணக்கில் பாதிப் பழியை அந்நியன் மேல் போடலாம். அதற்குப் பிந்திய கணக்கைப் பார்க்கும்போதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு தறியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தறிக்குள் ஒரு தத்துவம் இருக்கிறது.

தொயோதா சகிச்சி 1867-ல் பிறந்தவர். தகப்பனார் தச்சர். வீட்டில் தாயார் தறியில் உட்கார்ந்து உழைப்பதைப் பார்த்து வளர்ந்த பையன், அந்த உழைப்பை எப்படிக் குறைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தான். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. 1890-ல் தோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் போய் அங்கே வைத்திருந்த இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அவனுக்குக் கலாசாலை. முதலில் ஒரு மரக் கைத்தறி. பிறகு விசைத்தறி. இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் தறியோடு போராடி, 1924-ல் மகன் கீச்சிரோவும் சேர்ந்து உழைத்து முழுமையாக்கிய தானியங்கித் தறி வெளிவந்தது.

நெசவு தெரிந்தவர்களுக்கு அதன் பெருமை உடனே புரியும். நாடாவில் உள்ள தார் தீரும் சமயத்தில், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேறு நாடா தானாக வந்து மாறிக்கொள்ளும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறி தானாகவே நின்றுவிடும். ஓடுகிற இயந்திரம் பெரிதல்ல. நிற்கத் தெரிந்த இயந்திரம்தான் பெரிது. அறுந்த இழையோடு ஓடுகிற தறி, ஒவ்வொரு அங்குலத்துக்கும் பழுதான துணியை நெய்து தள்ளிக்கொண்டே போகும். பார்க்கிறவனுக்கு மட்டும் வேலை மும்முரமாக நடப்பதுபோல் தெரியும். சில குடும்பங்களும் சில அரசாங்கங்களும்கூட இப்படி ஓடுவதை நாம் பார்க்கிறோம் அல்லவா?

1929-ல், லங்காஷயரில் ஓல்டாம் என்ற ஊரைச் சேர்ந்த பிளாட் சகோதரர்கள் கம்பெனி அந்தத் தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுன் விலை பேசி ஒப்பந்தம் செய்தது. அந்தக் காலத்தில் உலகத்துக்கே ஆலை இயந்திரம் செய்து கொடுத்த கம்பெனி அது. யமானொபேயின் ஒசாக்கா ஆலைக்கு இயந்திரம் கொடுத்ததும் அதே கம்பெனிதான். நாற்பத்தாறு வருஷத்தில் வாங்கினவன் கொடுக்கிறவனாகிவிட்டான். நம் நெசவாளியின் வயிற்றில் அடித்த லங்காஷயர், கீழ்த்திசையில் ஒரு தச்சன் மகனிடம் கிண்ணத்தை நீட்டியது. கற்றுக்கொள்வது இழிவா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. கற்றவன் திருப்பிக் கொடுக்கிற நாளில் அவமானம் கழிந்துவிடுகிறது. என்றைக்கும் கொடுக்க முடியாதபடி வாங்கிக்கொண்டே இருப்பதுதான் இழிவு.

தொயோதாவின் குடும்பம் பிற்பாடு மோட்டார் கார் செய்யத் தொடங்கியது. 1937-ல் ஏற்பட்ட டொயோட்டா கம்பெனி அதுதான். அந்தத் தறியின் தத்துவம் கார்த் தொழிற்சாலைக்கும் வந்து சேர்ந்தது. வரிசையில் வேலை செய்கிற எந்தச் சாதாரணத் தொழிலாளியும் கோளாறு ஒன்றைக் கண்டால் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மேஸ்திரி ஓடி வருவார். கோளாறு தீராவிட்டால் அந்த வரிசையே நிற்கும். நிறுத்தினதற்காக யாரும் அவனைத் திட்டக் கூடாது. கோடிக்கணக்கான மதிப்புள்ள ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் கடைசி மனிதனின் கையில்!

இனிக் கஷ்டமான கணக்குக்கு வருகிறேன்.

சரக்கின் தரத்தைக் கணித முறையில் காக்கிற வித்தையைக் கண்டவர் வால்டர் ஷூஹார்ட் என்ற அமெரிக்கர். கடைசியில் பொறுக்கிப் பார்த்துக் கழிப்பதில் பயன் இல்லை, வேலை நடக்கும்போதே பழுது எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஷூஹார்ட் 1947-48-ல் நம் நாட்டுக்கு வந்தார். கல்கத்தாவில் புள்ளியியல் கழகத்தை நடத்திய மகாலனோபிஸ் அழைத்திருந்தார். அவர் வழியில் வந்த எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானுக்குப் போய்ப் பாடம் நடத்தியது 1950-ல். ஆக, சீடர் ஜப்பானில் பாடம் நடத்துவதற்கு முன்பே குருநாதர் நம் வீட்டுக்கு வந்துவிட்டார்! உறை கிடைக்காமல் போனதாக நாம் சொல்ல முடியாது.

பின்னே என்ன நடந்தது? நம் நாட்டில் நல்ல புள்ளியியல் மேதைகள் உருவானார்கள். அது பெருமைதான். ஆனால் அந்த அறிவு நிபுணர்களின் அறையிலேயே பெரும்பாலும் தங்கிவிட்டது. ஜப்பானில் பொறியாளர்களுக்குப் பாடம் நடத்தியது போதாதென்று, நாட்டின் பெரிய கம்பெனிகளின் தலைவர்களையே டெமிங் முன் கூட்டி வைத்தார்கள். போரில் தோற்று, நகரங்கள் சாம்பலாகி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. தங்களைத் தோற்கடித்த நாட்டிலிருந்து வந்த ஒருவர் முன் அவர்கள் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். டெமிங்கும் தம் சொற்பொழிவுப் புத்தகத்துக்கு வந்த பணத்தைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் கொண்டு 1951-ல் அவர் பெயரால் ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். பிறகு பாடம் கீழே இறங்கியது. 1962-ல் தொழிற்சாலை மேஸ்திரிகள் படிப்பதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதைச் சுற்றித்தான், தொழிலாளிகள் பத்துப் பேர் கூடி உட்கார்ந்து தங்கள் வேலையின் குறைகளைத் தாங்களே ஆராயும் வட்டங்கள் தோன்றின. பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. ஒரு பத்திரிகை ஒரு தேசத்தின் கைகளைச் சிந்திக்க வைத்திருக்கிறது!

செல்வர் முன் ஏழை நிற்பதுபோலப் பணிந்து நின்று கற்றவரே மேலானவர் என்ற கருத்தை வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் வைத்திருக்கிறார். நாம் அதைப் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கென்று ஒதுக்கிவிட்டோம். முதலாளிகளுக்கும் அதிகாரிகளுக்கும் சொன்னதாக நாம் நினைப்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாவலுக்காகக் கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் செட் செய்கிற ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். லேத் ஓட்டுகிறவர் ஒருவர், ஐம்பது வயதுக்காரர், கடைந்த தண்டு ஒன்றை விரல் நுனியால் தடவிப் பார்த்து ஒதுக்கி வைத்தார். ஏன் என்று கேட்டேன். வார்ப்பிலேயே கோளாறு இருக்கிறது என்றும், இன்ன இடத்தில் இன்னதை மாற்றினால் நாளைக்குப் பத்து உருப்படியாவது தப்பும் என்றும் விவரமாகச் சொன்னார்.

"இதை உங்கள் என்ஜினீயரிடம் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சொன்னா யாருங்க கேக்கறாங்க?" என்று சிரித்தார். "ஒருக்கா சொன்னனுங்க. 'உன் வேலையைப் பாருய்யா'ன்னுட்டாரு. அப்பறம் நானும் என் வேலையைப் பாத்துட்டிருக்கறனுங்க."

அவர் சிரிப்பில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. இழை அறுந்தது அவர் விரலுக்குத் தெரிகிறது. ஆனால் தறி நிற்காது. அந்த என்ஜினீயரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய தகப்பனார் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைத்திருப்பார். எதற்காக? கையில் கரி படாமல் பிழைப்பதற்காக. நம் வீடுகளில் படிப்பு என்பது கைவேலையிலிருந்து தப்பி ஓடுகிற ஏணியாகவே இருந்து வந்திருக்கிறது. ஏறி வந்தவன் கீழே பார்க்கக் கூசுகிறான். கையால் வேலை செய்கிறவனைத் தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தி வைத்த ஜாதியும் அந்தக் கூச்சத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது. யமானொபே கொடுத்த விலை இந்தக் கூச்சம்தான். நாம் இன்னும் அதைக் கொடுக்கத் தயங்கிக்கொண்டிருக்கிறோம்.

"ரத்தத்திலேயே கிடையாது" என்ற நண்பருக்கு இங்கே இரண்டு பதில்கள் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் பிரிமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது. சண்டைக்கும் சோம்பலுக்கும் பெயர் போன இடம். 1982-ல் மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோட்டா கூட்டுச் சேர்ந்து அதைத் திறந்தது. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளிகளே. அதே மனிதர்கள், அதே ரத்தம். தலைக்கு மேலே கயிறு வந்தது, சொன்னதைக் கேட்க ஆள் வந்தது. கொஞ்ச காலத்துக்குள் அமெரிக்காவிலேயே சிறந்த கார்கள் அங்கிருந்து வந்தன. இன்னொரு பதில் நம் சென்னையிலேயே இருக்கிறது. பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் கம்பெனி, ஜப்பானியப் பேராசிரியர்கள் வழிகாட்டப் பல வருஷம் உழைத்து, 1998-ல் அந்த டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியக் கம்பெனிகளில் அதுதான் முதல். தொடர்ந்து வேறு பல இந்தியக் கம்பெனிகளும் பெற்றன. ஆக, பால் நல்ல பால்தான். குருநாதர் வந்து போனதற்கும் பரிசு வந்ததற்கும் நடுவே ஐம்பது வருஷம் ஓடிவிட்டதே என்பதுதான் என் ஆதங்கம்.

இவ்வளவு சொன்ன நான் ஜப்பானை ஒரு தெய்வமாக்கிக் கும்பிடச் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. பட்டு ஆலைகளின் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. வாதா ஏய் போன ஆலையில் கௌரவம் இருந்தது. பிறகு சுவாவில் பெருகிய தனியார் ஆலைகளுக்கு மலைக் கிராமங்களிலிருந்து ஏழைப் பெண் குழந்தைகளைக் கூட்டி வந்தார்கள். பெற்றோர் கையில் முன்பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெண்ணை விடுதியில் அடைத்தார்கள். நாளுக்குப் பன்னிரண்டு மணி, பதினான்கு மணி நேரம் வேலை. பனி மூடிய கணவாயைக் கால்நடையாகக் கடந்து வந்த குழந்தைகள் பலர் க்ஷயரோகத்தோடு ஊர் திரும்பினார்கள். சிலர் திரும்பவே இல்லை. தொழிற்சாலைச் சட்டம் என்று ஒன்று 1911-ல்தான் இயற்றப்பட்டது. அமலுக்கு வந்தது 1916-ல். ஜப்பான் வாங்கிய இயந்திரங்களுக்கும் கப்பல்களுக்கும் பணம் கொடுத்தது பெரிதும் அந்தப் பெண்களின் விரல்கள். மேல்நாட்டாரிடம் தொழிலைக் கற்ற தேசம், அடுத்தவன் நாட்டைப் பறிக்கிற வித்தையையும் சேர்த்துக் கற்றது. 1910-ல் கொரியாவை விழுங்கியது. அந்தப் பாதை 1945-ல் சாம்பலில் போய் முடிந்தது.

ஆகவே இரவல் வாங்குகிறவன் எதை வாங்குகிறோம் என்றும் பார்க்க வேண்டும், அதன் விலையை யார் தலையில் கட்டுகிறோம் என்றும் பார்க்க வேண்டும். ஒதகா தம் மகளை முதலில் அனுப்பினார். பின்னால் வந்தவர்கள் ஊரான் மகளை அனுப்பினார்கள். இயந்திரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முன்னது கல்வியாக இருந்தது, பின்னது சுரண்டலாகிவிட்டது.

ஆராய்ச்சிக்காக நம் தேசம் செலவிடுவது 2020-21 கணக்குப்படி மொத்த வருமானத்தில் 0.64 சதவீதம். தென் கொரியா ஏறக்குறைய ஐந்து சதவீதம் செலவிடுகிறது. இந்தத் தொகை உயர வேண்டும் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். உயரட்டும். பணம் இல்லாமல் பால் வாங்க முடியாது. ஆனால் பணத்தை மட்டும் உயர்த்திவிட்டு, விரலால் தடவிக் கோளாறைக் கண்டுபிடிக்கிறவரிடம் 'உன் வேலையைப் பார்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பணமும் அறுந்த இழையோடு ஓடும் தறிக்குத்தான் போய்ச் சேரும்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். விடிகிற நேரத்தில் பஸ் பஸ்ஸாக இளம் பெண்கள் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். தெற்கேயும் மேற்கேயும் எங்கெங்கோ உள்ள கிராமங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறவர்கள். உலகத்தின் பெயர் பெற்ற கம்பெனிகளுக்கு நுணுக்கமான கருவிகளைப் பூட்டிக் கொடுப்பவை அந்த விரல்கள். அதில் எனக்குச் சந்தோஷமே. வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பெண்ணின் நடையில் ஒரு நிமிர்வு இருக்கிறது. ஆனால் அந்த பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. இவள் வாதா ஏயா, அல்லது சுவாவின் பெயர் தெரியாத பெண்களில் ஒருத்தியா? ஐந்து வருஷம் கழித்து அவள் ஊருக்குத் திரும்பும்போது கையில் கொஞ்சம் பணம் மட்டும் இருக்குமா, நாலு பேருக்குக் கற்றுக் கொடுக்கிற தொழிலும் இருக்குமா? அவளிடம் விரலை மட்டும் கேட்கிறோமா, அவள் கண்ணையும் கருத்தையும் கேட்கிறோமா?

ஜப்பான் 2024-ல் புதிய ரூபாய் நோட்டுகளை, அதாவது யென் நோட்டுகளை, வெளியிட்டது. பத்தாயிரம் யென் நோட்டில் ஷிபுசாவா எய்ச்சியின் படம். ஐயாயிரத்தில், ஆறு வயதில் கப்பலேறிய அந்தக் குழந்தை த்சுதா உமேகோ. அவர் ஊர் திரும்பிப் பெண்களுக்காக ஒரு கல்விச்சாலையை 1900-ல் தொடங்கியவர். ஆயிரத்தில், ஜெர்மனிக்குப் போய் ராபர்ட் கோக்கிடம் கிருமி ஆராய்ச்சி பயின்று வந்த கிதாசாதோ ஷிபாசாபுரோ. மூன்று பேரும் வெளிநாட்டில் கற்று வந்து தங்கள் நாட்டுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள். ஒரு தேசம் தன் மாணவர்களைப் பணத்தில் அச்சடித்துக் கொண்டாடுகிறது. நமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட மனிதர்களை அது மறக்கவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளும் வெளிநாடு போகிறார்கள். போகட்டும், சிலர் அங்கேயே இருந்தாலும் இருக்கட்டும். திரும்பி வருகிறவர்களை நாம் எந்த வேலைக்கு விடுகிறோம் என்பதும், போகாமல் இங்கேயே லேத்துக்கு முன்னால் நிற்கிறவரின் பேச்சுக்கு எவ்வளவு காது கொடுக்கிறோம் என்பதும்தான் நம் கையில் இருக்கிற விஷயங்கள். இவற்றுக்கு அந்நிய உதவி வேண்டாம். ஐந்தாண்டுத் திட்டமும் வேண்டாம். நாளைக் காலையில் அந்தப் பட்டறைக்குள் நுழைகிற என்ஜினீயர், "அண்ணே, அன்றைக்கு என்னமோ சொன்னீர்களே, மறுபடி சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.